ஹாலவ்வாவின் நூற்றைம்பது கடைவாய்ப் பற்கள்

ஹாலவ்வாவுக்கு நான் ஒன்பதாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. பல் ஒன்றுக்கு அறுபது ரூபாய் வீதம் நூற்றைம்பது மேல்கடைவாய்ப் பற்கள். தாவணகெரேயில் எவனுக்கும் ஒரு பைசா பாக்கி வைக்காத நான், அவள் ஒருத்திக்கு மட்டும் நான்கு மாதம் இழுத்தடித்தேன்.

ஏழு பல் ஆஸ்பத்திரிகளில் பெருக்கித் துடைப்பவள் அவள். பிடுங்கிய பற்களைக் கேட்டு வாங்கிக் கழுவி, உப்புநீர் பாட்டிலில் போட்டு, பல் மருத்துவம் படிப்பவர்களுக்கு விற்பாள். கண்ணை மூடிக்கொண்டு தடவியே எது முதல் கடைவாய்ப் பல், எது இரண்டாவது என்று சொல்லிவிடுவாள். முதல் பல்லின் வேர்கள் முக்காலிபோல விரிந்திருக்குமாம், இரண்டாவதில் ஒட்டிக்கொண்டிருக்குமாம். ஊருக்கே பல் பொறுக்கியவளின் வாயில் ஒரு பல்கூட இல்லை. பல்செட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு என் பணத்துக்காகக் காத்திருந்தாள்.

நான் கொட்ரப்பா. மூன்றாம் வகுப்போடு பஞ்சாலைக்குப் போனவன். இன்று முப்பரிமாணப் பல் ஸ்கேன் மெஷினுக்குச் சொந்தக்காரன். பட்டம் வாங்கியவர்களும் என் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

அப்படி வந்தவர்தான் மேற்படிப்பு மாணவி டாக்டர் நாகவேணி. மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வேர் மூன்று, வேருக்கு ஒரு நரம்புக்குழாய். பலருக்கு முன்வேருக்குள் இன்னொரு குழாய் ஒளிந்திருக்கும். வேர் சிகிச்சையில் அந்த நாலாவது குழாயைத் தவறவிட்டு அடைத்தால் வலி திரும்பி வரும். நம் ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது என்பதே அவர் ஆராய்ச்சி. பல்லும் ஸ்கேனும் என் பொறுப்பு.

மெழுகைக் குதிரை லாடம்போல வளைத்து, பத்துப் பத்துப் பல்லாக நட்டு, பதினைந்து தடவை ஸ்கேன் எடுத்துக் கொடுத்தேன். நூற்றைம்பதில் முப்பத்தொன்றில்தான் நாலாவது குழாய் தெரிந்தது!

"கொட்ரப்பண்ணா, பாதிக்கு மேல இருக்கணுமே! இது எல்லாம் முதல் பல்லுதானா? ரெண்டாவது பல்லுலதான் இது குறைவா இருக்கும், அந்தம்மா அதையும் கலந்துட்டாங்களோ?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஹாலவ்வாவைக் கூப்பிட்டனுப்பினேன். "ஏன்வ்வா, பல்லுலயும் கலப்படமா? காசு கிடையாது, போ!"

"பால்ல தண்ணி கலக்கலாம் சாவ்கார், பல்லுல எதைக் கலக்குறது?" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "முப்பது வருஷமா என் விரல் பொய் சொன்னதில்ல. உங்க பெட்டிக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சு."

"எட்டு லட்சம் கடன் வாங்கி இறக்கின பெட்டி அது!"

"எட்டு லட்சத்துக்குக் கண்ணாடி போட்டுவிடுங்க அதுக்கு."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். ஸ்கேன் எடுத்த பற்கள் கிடந்த பாட்டிலுக்குள் ஹாலவ்வா கைவிட்டு ஒரு பல்லை எடுத்தாள். "இந்த முன்வேரைத் தடவுங்க. எவ்ளோ அகலம்! நடுவுல பள்ளம் வேற. உள்ள ரெண்டு குழாய் இல்லேன்னா இவ்ளோ அகலம் எதுக்கு?"

அந்தப் பல்லின் மேல் எழுதிய எண்ணைப் பார்த்தேன்; மூன்று குழாய்தான் என்று முன்பே குறித்திருந்தோம். அவள் வாயை அடைக்கவே அதைத் தனியாக மெஷினில் வைத்தேன். ஒற்றைப் பல் என்பதால் படப்பரப்பில் மிகச் சிறிய அளவைத் தேர்ந்தேன். மெஷின் திரையில் வேரைக் குறுக்காக வெட்டிக் காட்டியது. மூக்குத்துவாரம்போல இரண்டு கரும்புள்ளி!

"இருக்கு! கொட்ரப்பண்ணா, இருக்கு!" டாக்டரம்மா குதித்த குதியில் நாற்காலி சரிந்தது.

பழைய படத்தைத் திறந்தேன். கோளாறு கண்ணில் அறைந்தது. லாடம்போல வளைந்த மெழுகைக் கண்டதும் என் கை பழக்கதோஷத்தில் முழுத்தாடை அளவை அழுத்தியிருக்கிறது. அதில் படத்தின் புள்ளிகள் பருமனாகிவிடும். மயிரிழைக் குழாய் மறைந்துபோகும். தப்பு என்னுடையது. அதைக் கண்டுபிடித்தவனும் நானே, வேறெவனாவது கண்டுபிடித்திருப்பானா?

ஆறு நாள், நூற்றைம்பதையும் தனித்தனியாக எடுத்தேன். ஒவ்வொரு பல்லுக்கும் டாக்டரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். புள்ளி இரண்டானதும் கைதட்டல்! ஹாலவ்வா பக்கத்திலேயே உட்கார்ந்து மண்டக்கிப் பொரியை டீயில் ஊறவைத்துத் தின்றபடி, படம் வருமுன்பே "நாலு", "மூணு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பத்துக்கு எட்டு சரியாக இருந்தது.

கடைசிக் கணக்கு தொண்ணூற்றெட்டு!

"ஒரு ரெண்டாவது பல்லுகூடக் கலக்கல ஹாலவ்வா!" என்று டாக்டரம்மா அவளைக் கட்டிக்கொண்டார்.

"அதை சாவ்கார் வாயால சொல்லச் சொல்லுங்க."

"தப்பு என்னோடதுதான்வ்வா. கையை நீட்டு."

நீட்டினாள். ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் பதினெட்டையும் அந்த உள்ளங்கையில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன்.