சிவப்பா, கறுப்பா

இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் விலை, பெடல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அண்ணா எட்டு மாதம் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்த அந்த இரண்டு சைக்கிள்களிலும் மட்கார்ட் இல்லை, ஸ்டாண்ட் இல்லை, மணி இல்லை, கேரியர் இல்லை, காலை வைத்து மிதிக்கிற பெடலும் இல்லை. அதைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

"நல்ல பைக்குக்கெல்லாம் அப்படியாக்கும். அவாஅவா காலுக்குத் தகுந்த பெடலை அவாஅவா வாங்கிப்பா" என்றான்.

"அப்போ ஹாண்டில்பாரை ஏன் விட்டு வெச்சான்? அதையும் கழட்டிண்டிருக்கலாமே" என்றேன். அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நடந்த கதை இது. மலையாளச் சீமையில், கரமனையில் அப்பா விட்டுப்போன வீடு. கீழே அண்ணாவும் மன்னியும்; மாடி அறையில் நான். அவன் கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் மானேஜர். நான் அரசாங்க குமஸ்தா. தினம் பஸ் பிடித்துத் தம்பானூரில் இறங்கி நடக்கிறவள். நாற்பது வயதில் அவனுக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தன்னைப் போலவே நாலு மானேஜர்களைக் கூட்டிக்கொண்டு பொன்முடி மலை ஏறப் போய்விடுவான். உடம்போடு ஒட்டுகிற கறுப்பு டிராயரை மாட்டிக்கொண்டு அவன் தெருவில் நின்றால், எதிர்வீட்டு மாமி கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். அவனுக்கு அதெல்லாம் கண்ணில் படாது. கையில் இருக்கிற கியர் சைக்கிள் கனம், அதனால்தான் பொன்முடியின் கடைசி வளைவுகளில் மூச்சு வாங்குகிறது என்று ஒரு கண்டுபிடிப்பு. மூச்சு ஏன் வாங்குகிறது என்பது மன்னி சுடுகிற அடைக்குத் தெரியும்.

அப்படித்தான் கார்பன் சைக்கிள் வந்தது. கார்பன் என்றால் ஏதோ நூலையும் பசையையும் அச்சில் வைத்து இறுக்கிச் செய்கிறதாம். இரும்பைவிட உறுதி, இரண்டு விரலால் தூக்கிவிடலாம். அதிலும் இவன் பார்த்தது ஆல்-ரவுண்டர். மலையும் ஏறும், சமதரையிலும் பறக்கும், நூறு கிலோமீட்டர் போனாலும் முதுகு வலிக்காது. ஒன்று சிவப்பு, இன்னொன்று கறுப்பு. இரண்டும் வெவ்வேறு தேசத்துக் கம்பெனிகள். இந்த ஊரில் அதை விற்கிறவன் கிடையாது. பெங்களூரில் ஒரு கடையில் இரண்டும் இவன் அளவில் ஒவ்வொன்று இருந்தன.

அதற்கு ஒரு அட்டவணை போட்டான் பாருங்கள்! கம்ப்யூட்டரில் நாற்பத்தொரு வரிசை. எடை, பின்சக்கரத்துப் பல் எண்ணிக்கை, முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கின் சாய்வு, சீட்டுக்குக் கீழே வருகிற குழாயின் கனம். சிவப்பு கறுப்பைவிட நூற்றெண்பது கிராம் லேசு. ஆனால் கறுப்பு மேடுபள்ளத்தில் கையை அதிரவிடாது. இந்த ஊர் ரோட்டில் எது முக்கியம் என்று யோசித்து யோசித்து, சாப்பிடும்போது ரசத்தில் விரலால் ஃபோர்க் வரைவான். மன்னி பாவம், "ம்" கொட்டுவாள். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும்.

ஆனால் அவன் மிகவும் நம்பியது அட்டவணையை இல்லை. அமெரிக்காவில் எவனோ ஒருத்தன். முகம் தெரியாது, பெயர்கூடப் புனைபெயர். அவன் அந்தச் சிவப்பு சைக்கிளை மூன்று வருஷமாக ஓட்டுகிறானாம். இணையத்தில் அவனைத் தேடிப் பிடித்து அண்ணா ஏழு மெயில் எழுதினான். மழையில் எப்படி இருக்கிறது, இறக்கத்தில் பயமாக இருக்கிறதா, ஒரு வருஷத்துக்கு அப்புறம் ஏதாவது சத்தம் வந்ததா. அந்தப் புண்ணியவானும் பொறுமையாகப் பதில் எழுதினான். அதை அண்ணா அச்செடுத்துக் கொண்டுவந்து எங்களுக்கு வாசித்துக் காட்டுவான்.

"கம்பெனிக்காரன் சொல்றது வெறுதே, சும்மா அளக்கறது. மாகசீன்காரன் ஒரு நாள் ஓட்டிட்டு எழுதறான். மூணு வருஷம் கூடவே இருந்தவன் சொல்றான் பாரு, அதுதான் நெஜம்" என்றான்.

நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

அதோடு விட்டானா? பெங்களூருக்கே போனான், இரண்டு தடவை. கடைக்காரன் இரண்டு சைக்கிளையும் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தானாம். முதல் தடவை மழை வந்துவிட்டதால் திருப்தி இல்லை. அதற்காக மறுபடியும் லீவு போட்டுப் பஸ் ஏறினான். திரும்பி வந்து காலை இட்லிக்கு உட்கார்ந்தபோது மன்னி கேட்டுவிட்டாள்: "ஒரு சைக்கிளுக்கு இத்தனை அலைச்சல் வேணுமா?"

"பின்னே? ஓட்டிப் பாக்காம வாங்கறதுக்கு நேக்கென்ன கிறுக்கா? வருஷக்கணக்கா கூட இருக்கப்போறதாக்கும்."

நான் பாதி இட்லியைத் தட்டிலேயே விட்டேன்.  தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து கைகழுவப் போய்விட்டேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். தொண்ணூற்றைந்தில் எனக்கு இருபத்துமூன்று வயது. அப்பா போய்விட்டிருந்தார், அண்ணா என்ன சொன்னாலும் அம்மா தலையாட்டுவாள். இரண்டு இடத்திலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் நாகர்கோவிலில் வேலை பார்க்கிறவர், இன்னொருவர் மெட்ராஸ். அன்று சாயங்காலம் அண்ணா, யாருடையதோ கல்யாணப் பத்திரிகை வந்த கவரைத் திருப்பிப் போட்டு நடுவில் ஒரு கோடு இழுத்தான். வேலை, சம்பளம், சொந்த வீடு, ஜாதகப் பொருத்தம், குணம். ஐந்தே வரிசை. நான் காபி கொண்டுபோய் வைத்தபோது கோடு போட்டுக்கொண்டிருந்தான். டம்ளரை எடுக்கப் போனபோது முடிவாகியிருந்தது. மெட்ராஸ்.

கடைசி வரிசையில் எழுதியிருந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. நாகர்கோவிலுக்கு நேரே "வாய் ஜாஸ்தி". வந்த இடத்தில் அவர் என்னைப் பார்த்து, என்ன புஸ்தகமெல்லாம் படிப்பேள் என்று கேட்டுவிட்டாராம், அதுதான் குற்றம். மெட்ராஸுக்கு நேரே "அமைதி". அதற்கு அடியில் இரண்டு கோடு வேறு.

மூன்று வருஷம் அங்கே இருந்தேன். பிறகு ஒரு பெட்டியோடு திரும்பி வந்தேன். வக்கீல், கோர்ட்டு எல்லாம் அண்ணாவே பார்த்துக்கொண்டான், அதில் குறை சொல்ல மாட்டேன். மன்னி பீரோவில் இரண்டு தட்டு காலி பண்ணிக் கொடுத்தாள். அம்மா கொஞ்ச நாள் அழுதாள், பிறகு அவளும் போய்ச் சேர்ந்தாள். பரீட்சை எழுதி வேலை வாங்கினேன். ஏன் வந்தாய், அங்கே என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. அதை நாகரிகம் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், ரொம்ப வருஷம். நாகரிகமாவது மண்ணாவது! கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் கவரில் கோடு போட்டவனுக்குச் சங்கடம். அவ்வளவுதான் விஷயம்.

இப்போது இந்தச் சைக்கிள் கூத்துக்கு நடுவில் பழவங்காடிப் பக்கத்திலிருந்து கல்யாணத் தரகர் ஒருவர் வந்து சேர்ந்தார். எனக்கு முப்பத்தாறு வயது. இன்னும் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை என்றார். கையில் இரண்டு இடம் வைத்திருந்தார். பாலக்காட்டில் மனைவியை இழந்தவர் ஒருவர், கல்லூரியில் படிக்கிற பிள்ளை இருக்கிறான். பம்பாயில் விவாகரத்தானவர் ஒருவர், அம்மா படுத்த படுக்கை. நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் பேசி முடித்து அனுப்பியாகிவிட்டது.

மாடிப்படி ஏறும்போது அண்ணா கீழேயிருந்து குரல் கொடுத்தான். "கேட்டியோ, ரெண்டும் நல்ல இடமாக்கும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணைச் சொல்லிடணும்னு தரகர் மாமா சொல்லிட்டுப் போயிருக்கார். நேக்குப் பாலக்காடுதான் சரின்னு தோண்றது. பக்கத்துல இருப்பே, நீ பேசாம இரு, நான் பாத்துக்கறேன்."

நான் பேசாமல்தான் இருந்தேன். படியிலேயே நின்றேன். அவன் பாட்டுக்குத் தொலைபேசியை எடுத்து, பெங்களூர்க் கடைக்காரனிடம் இன்னும் ஒரு மாதம் இரண்டு சைக்கிளையும் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவசரப்பட்டு முடிவு பண்ண முடியாதாம். கடைக்காரன் சரி என்றுவிட்டான்.

சைக்கிளுக்கு ஒரு மாதம். எனக்கு வெள்ளிக்கிழமை.

அந்த ராத்திரி மாடியில் படுத்துக்கொண்டு அவனைத் திட்டித் தீர்த்தேன். வாய்க்குள்ளேதான். மறுபடி ஒரு பெட்டி, மறுபடி எவனுடைய அடுக்களையோ, எவனுடைய அம்மாவின் படுக்கையோ என்று நினைத்தபோது எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டேன். பயம்தான், சொல்வதற்கென்ன. கோபம் வந்ததே அந்தப் பயத்தை மூடத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். மன்னி அடுக்களையில் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். நான் அண்ணாவுக்குக் காபி கொண்டுபோனேன். கம்ப்யூட்டர் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் அந்த நாற்பத்தொரு வரிசை.

"நேக்கு மண்டை குழம்பிப் போச்சு. நீ சொல்லேன். சிவப்பா, கறுப்பா?"

"சைக்கிளைப் பத்தி நேக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா பாலக்காடும் வேண்டாம், பம்பாயும் வேண்டாம்."

அவன் திரும்பினான். "இப்ப அதை யாரு கேட்டா?"

"அதைத்தானே சொல்றேன். யாரும் கேக்கலை."

"அதில்லைடி. வர வெள்ளிக்கிழமைக்குள்ள..."

"ஒரு சைக்கிளை ரெண்டு தடவை போய் ஓட்டிப் பாத்தே. மழை பேஞ்சுதுன்னு மறுபடியும் போனே. என்னைப் பத்து நிமிஷம் தலையைக் குனிஞ்சுண்டு உக்காரச் சொன்னே. அவ்வளவுதான்."

"அன்னிக்கு நீ ஒண்ணும் சொல்லலையே."

அடேயப்பா! பத்து வருஷம் அடக்கி வைத்தது அந்த ஒரு சொல்லில் பிய்த்துக்கொண்டு வந்தது.

"நீ கேட்டியா? அமெரிக்காவுல எவனோ மூணு வருஷம் ஓட்டினான்னு அவனுக்கு ஏழு மெயில் எழுதறே. சத்தம் வந்துதா, அதிர்ந்துதான்னு கேக்கறே. நானும் மூணு வருஷம் இருந்துட்டுத்தானே வந்தேன்? அதுக்கப்புறம் பத்து வருஷமா இதே ஆத்துல, உன் தலைக்கு மேல மாடியில இருக்கேன். எப்படி இருந்ததுன்னு என்கிட்ட ஒரு வரி கேட்டிருக்கியா?"

அடுக்களையில் கிரைண்டர் நின்றது. மன்னி வரவில்லை, நிறுத்திவிட்டு அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

அண்ணா மௌஸிலிருந்து கையை எடுத்தான். "நீ சங்கடப்படுவேன்னுதான் கேக்கலை" என்றான்.

"பொய்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பொன்முடி ஏறி இறங்கியவன் போல இருந்தான். பிறகு, என்னைப் பார்க்காமல், ரொம்பச் சின்னக் குரலில் கேட்டான்: "அங்கே என்ன ஆச்சு?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்விக்கு நான் தயார் பண்ணி வைத்திருந்த பதில் ஒரு நோட்டுப் புத்தகம் நிரம்பும். அதில் அவனைச் சுட்டுப் பொசுக்குகிற வாக்கியங்களே அதிகம். ஒன்றும் வரவில்லை.

"அவர் பேசமாட்டார்" என்றேன்.

"பேசமாட்டார்னா?"

"பேசமாட்டார். ஆபீஸ்காராகிட்ட பேசுவார், பால்காரன்கிட்ட பேசுவார். என்கிட்ட மாட்டார். தட்டைத் தட்டினா சாதம். டம்ளரைத் தட்டினா மோர். கதவைத் தட்டினா நான் வெளியில போகணும், அவருக்குத் தனியா இருக்கணும்னு அர்த்தம். சண்டையே கிடையாது. மூணு வருஷத்துல அவர் வாயால என் பேரைச் சொல்லி நான் ஒரு தடவைகூடக் கேக்கலை. கடைசியில நான் தனியா அடுக்களையில பேச ஆரம்பிச்சுட்டேன், பாத்திரத்தோட. அதுக்குப் பயந்துதான் வந்துட்டேன்."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்புக்கு நேரே ஒரு கட்டம், கறுப்புக்கு நேரே ஒரு கட்டம். அதைப் படிக்கவில்லை என்று தெரிந்தது. அவனுக்கு அந்தக் கவர் ஞாபகம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

"அமைதின்னு நான்தானே எழுதினேன்" என்றான்.

"ஆமாம். அடியில ரெண்டு கோடு வேற போட்டே."

அவன் அழுதான் என்று எழுதினால் நன்றாக இருக்கும், அழவில்லை.  எழுந்துபோய்த் தொலைபேசியை எடுத்துத் தரகருக்குப் போட்டான்.

"மாமா, ரெண்டும் சரிப்படாது... இல்லை, ஜாதகத்துல ஒண்ணுமில்லை. அவகிட்ட கேட்டேன். வேண்டாம்னுட்டா."

கேட்டானாம்! கேட்டேன் என்று என்ன தைரியமாகச் சொல்கிறான் பாருங்கள். நான் ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு சூடு பண்ணப் போனேன். அடுக்களையில் மன்னி அடுப்பை ஏற்கெனவே பற்ற வைத்திருந்தாள்.