முழுக்கோட்டில் வந்த முகம்

கோடு அக்கா என்றால்தான் அந்த அலுவலகத்தில் தெரியும். புதிதாக எந்தப் பொருள் வந்தாலும், அதன் வெளித்தோற்றத்தை வேறு யாரும் காப்பியடிக்காதபடி பதிவு செய்வதற்கு, எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்து வரைந்து கொடுப்பது அவள் வேலை. சும்மா சொல்லக்கூடாது, இருபது வருடத்தில் ஒரு கோடு பிசகியதில்லை.

அந்த வாரம் வந்தது, தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிறவர்கள் மூக்கில் மாட்டிக்கொள்ளும் முகமூடியும், அதிலிருந்து நீளும் குழாயும், அதன் மெஷினும். உள்ளே காற்று எப்படிப் போகிறது என்று யாரும் கேட்கப் போவதில்லை. வளைவும் நெளிவும், ஓரத்தில் ஓடும் இலை வேலைப்பாடும்தான் கணக்கு. முழுக்கோட்டில் வருவதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். அதை மாட்டியிருக்கும் முகம் சும்மா அடையாளத்துக்கு என்பதால் அதைப் புள்ளிக்கோட்டில்தான் போடவேண்டும்.

இதே மாதிரி ஒரு மெஷின் அவள் வீட்டிலும் மூன்று மாதமாகச் சும்மா கிடந்தது. வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறவர். நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் நிற்கிற மனுஷன். "அந்தத் தும்பிக்கையை மாட்டிக்கிட்டு நான் படுக்கணுமா? ஆளை விடு" என்று ஒரே பிடியாக இருந்தார். உயிரைவிட அழகு பெரிதாம்! டாக்டர் சொல்லியாயிற்று, மகள் சொல்லியாயிற்று. எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அவள் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்து மேலாளர் சிரித்துவிட்டார். அவர் முடி வெட்டிக்கொள்வது அந்தச் சலூனில்தான்.

"என்னக்கா, மெஷினோட சேர்த்து உங்க வீட்டுக்காரரையும் கம்பெனி பேர்ல பதிவு பண்ணிடலாம்னு பாக்குறீங்களா?"

அப்போதுதான் அவள் கவனித்தாள். முகம் முழுக்கோட்டில் இருந்தது. கண் மூடி, வாய் பிளந்து, கழுத்து நரம்பு புடைத்து, சாட்சாத் அவரேதான். கை தானாகப் போட்டிருக்கிறது. வெட்கமாகப் போயிற்று. வேறு படம் வரைந்து கொடுத்துவிட்டு, அந்தத் தாளைப் பைக்குள் திணித்துக்கொண்டு நேராகச் சலூனுக்குப் போனாள்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். முதலில் கிண்டல் பண்ணத்தான் வாயெடுத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"தூங்கும்போது நான் இப்படியா கெடக்கேன்?"

"ஆமாங்க. மூச்சு நின்னதும் எண்ண ஆரம்பிப்பேன். முப்பது வரைக்கும் வரலைன்னா உலுக்குவேன். நீங்க என்னைத் திட்டிட்டுத் திரும்பிப் படுத்துக்குவீங்க."

"தினமுமா?"

"தினமும்தான். எனக்குப் பயமா இருக்குங்க. என்னைக்காவது எண்ணிக்கிட்டு இருக்கும்போதே நான் தூங்கிட்டா?"

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எதிரே இருந்த கண்ணாடியைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் அதை மாட்டிக்கிறேன்" என்றார். "இன்னைக்காவது நீ தூங்கு."