குவார்ட்டர்ஸ் எண் எழுதிய சமாதிகள்

நீற்றிய சுண்ணாம்பின் வாடையும் வெட்டுப்பட்ட கோரைப்புல்லின் பச்சை வாடையும் சேர்ந்து வந்தால், எழுபதுகளின் கடைசியில் நெய்வேலி நகரியத்தின் ஓரத்தில் இருந்த இடுகாடுதான் எனக்கு நினைவுக்கு வரும். சுரங்க வேலைக்கு வந்த எல்லாருக்கும் "ஊர்" வேறெங்கோ இருந்தது. ஓய்வு பெற்றதும் "குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிவிட்டு" தென்காசிக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விடுவார்கள், இங்கே புதைத்தவர்களைக் கொண்டுபோக முடியாது. கேட்பாரற்றுக் கிடந்த அந்தச் சமாதிகளைப் புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்துச் சுத்தம் செய்ய எங்கள் பிளாக் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போவோம். எங்களைச் சேர்த்தவன் ராஜேந்திரன். கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரன், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை.

பாதிச் சமாதிகளில் பெயர் கிடையாது. நகரியத்தில் வளர்ந்த எங்களுக்கோ எண் இல்லாத இடம் இடமாகவே படாது. ஆகவே விசாரித்து, இறந்தவர் குடியிருந்த வீட்டின் பிளாக்கையும் எண்ணையும் ஆளுக்கொரு கல்லில் கறுப்புப் பெயின்டால் எழுதி வைத்தோம். "செத்தவங்களுக்கும் குவார்ட்டர்ஸ் அலாட் பண்ணியாச்சா?" என்று அப்பா கேலி செய்தார். என் தம்பியின் கல்லில் எங்கள் வீட்டு எண்ணை எழுதியபோது மட்டும் அந்தக் கேலி இல்லை. பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்ட குழந்தை அவன்.

அப்பா ஓய்வு பெற்று, தென்காசிக்குப் போக சாமான்களை லாரியில் ஏற்றுவதற்கு முந்தின ஞாயிறு அம்மா எங்களோடு வந்தாள். பெண்கள் போகக் கூடாதென்று அடக்கத்தன்று அவளை விடவில்லை, அதனால் அன்றுதான் முதன்முதலாக அந்தக் கல்லைப் பார்த்தாள். எண்ணைப் படித்ததும் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு அந்த வீட்டுக்கு வேற யாராவது குடி வந்துருவாங்க. அப்புறம் இவன் யாரு பிள்ளை?"

எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. ராஜேந்திரன் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, "ஒரு பேரு சொல்லுங்கம்மா, எழுதிடறேன்" என்றான். அம்மா வெயிலில் நின்றுகொண்டே இருந்தாள். ஒரு பெயரும் அவள் வாயில் வரவில்லை.

"நம்பரே இருக்கட்டும்மா. நான் பாத்துகினு இருக்கேன், நீங்க தைரியமா போங்க."

அவன் சொன்னதை நம்பித்தான் அம்மா மறுநாள் லாரியில் ஏறினாள்.

ராஜேந்திரன் பல வருஷம் வாக்குக் காப்பாற்றினான் என்று அங்கிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். சுரங்கம் அவன் கிராமம்வரை நீண்டபோது, அவன் வீட்டாரும் இடம் பெயர்ந்து எங்கோ போய்விட்டார்கள்.

போன மாதம் நெய்வேலிக்குப் போயிருந்தேன். இடுகாட்டைச் சீமைக்கருவேலம் மூடியிருக்கிறது. கால் வைக்க வழியில்லை, எட்டிப் பார்த்த கற்களில் பெயின்ட் இல்லை, புல் செதுக்க எந்தப் பிள்ளைகளும் வருவதில்லையாம். வருத்தப்பட வேண்டுமென்று நினைத்தேன், வரவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

தென்காசியில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"தம்பி இடம் தெரிஞ்சுதா?"

"தெரியலம்மா."

அவள் கை நிற்கவில்லை.

"எனக்கும் அவன் மொகம் மறந்துட்டு" என்றாள்.