பெரியவர் காதில் விழாமல்

மாவு ஒட்டிய விரல்களைப் பாவாடையில் துடைத்துவிட்டு அக்சீன்யா தூரிகையை எடுக்கிறாள். ஊர் ரொட்டிக் கடையில் ரொட்டி வேகும் நேரம்தான் அவள் எழுத்து வரையும் நேரம். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் எழுத்துப் படங்கள், எழுத்துக்கு ஒரு விலங்கும் அதன் பெயருமாக, அத்தனையும் அவள் கைவண்ணம். ஒவ்வோர் எழுத்தையும் முணுமுணுத்துக்கொண்டேதான் வரைவாள். நடுவில் நான் தபாலோடு போய் நின்றால், “இருப்பா, பேசிட்டிருக்கோம்ல!” என்று சிடுசிடுப்பாள்.

சைபீரிய மலைக்காட்டில் நாங்கள் சிலரே பேசும் தோஃபா மொழிக்கு எழுத்து வந்ததே நாங்கள் இருவரும் பள்ளியை விட்ட பிறகுதான். அதுவரை பேச்சு எங்களுடையது, எழுத்து ரஷ்யர்களுடையது.

இப்போது ஒரே ஒரு படம் பாக்கி. கரடி. இந்தச் சொல்லை வேற்று மொழியில் எழுதினால் அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில் சொல்கிறேன். ஊரில் ‘பெரியவர்’ என்போம். ஆட்கள் வேட்டைக்குப் போயிருக்கும்போது அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால், எந்த மலையில் இருந்தாலும் காதில் விழும். காட்டில் இருப்பவர்களைத் தேடிப் போய்விடுவார். முதல் பனி விழுந்தாயிற்று, அவர் இன்னும் குளிர்கால உறக்கத்துக்குக் குகைக்குள் படுக்கவில்லை. அக்சீன்யாவின் கணவன் மத்வேய் ஒரு பள்ளத்தாக்கில் இருந்தான், என் மகன் லாசர் இன்னொன்றில்.

படத்தை ரோமம் ரோமமாக வரைந்தவள் பெயரை மட்டும் எழுதவில்லை. ஆசிரியை நீனா கெஞ்சினாள்.

“அக்கா, ஸ்கூலைப் பார்க்க ஹெலிகாப்டர்ல அதிகாரிங்க வராங்க. பேரில்லாம மாட்டுனா சிரிப்பாங்க. நீங்க வாயால சொல்லவா போறீங்க? எழுதத்தானே போறீங்க?”

“வாயால சொன்னா ஒரு தடவையோட போச்சு. எழுதி மாட்டுனா ராப்பகலா கூப்பிட்டுக்கிட்டே இருக்குமேடி! அது வாயை யாரு மூடுறது?”

நான் சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு நடக்கையில் அதையேதான் நினைத்துக்கொண்டு போனேன். இத்தனை வருஷம் கடிதங்களோடு புழங்கியும், எழுத்துக்கு இப்படி மரியாதை கொடுத்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

நேற்று மத்வேய் வந்து சேர்ந்தான், தாடியெல்லாம் பனி. செய்தி கேட்டு நீனா ஓடி வந்தாள். “அப்பாடா! இனிமே எழுதிடலாம்லக்கா?”

“எழுதேன், பாவம்” என்றான் மத்வேய், ரொட்டியை மென்றபடி.

அக்சீன்யா படத்தை மேஜையில் விரித்தாள். தூரிகையை மையில் தோய்த்தாள். அப்புறம் ரொட்டிக்காக நின்றிருந்த என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“லாசர் வந்துட்டானா?”

“இன்னும் இல்ல.”

தூரிகையைத் துடைத்தாள். மை டப்பாவை அழுத்தி மூடினாள்.