ஒரே ஒரு பிரெஞ்சுக் கேள்வி

எங்கள் அம்மா தங்கச்சியைப் பெற்ற அன்றே ஆஸ்பத்திரியிலேயே போய்ச்சேர்ந்தாள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். அந்தத் தங்கச்சிதான் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பாண்டிச்சேரிக்காரரைக் கட்டிக்கொண்டு பாரிசுக்குப் போனாள். அங்கே அவளுக்குப் பிரசவம் என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"புதன்கிழமை ஆபரேசன். மறுநாள் ஆஸ்பத்திரில அவ ரூமுக்குப் போன் போடுங்க. நான் இல்லன்னா நர்சு எடுப்பாங்க, அவங்களுக்குத் தமிழும் வராது, இங்கிலீசும் வராது" என்றார் அவள் வீட்டுக்காரர்.

தண்டையார்பேட்டையில் எங்கள் மாடி வீட்டுப் பெண் கல்லூரியில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்திருந்தாள். அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"நாம கடைசில 'ஆ' போட்டு கேக்கறோம்ல அக்கா, அவங்க முன்னாடியே 'எஸ் க'னு போட்டுடுவாங்க."

"எஸ்கேப் மாதிரியா?"

"அதான். 'ப்'ப மட்டும் முழுங்கிடு."

எஸ் க மா ஸேர் வா பியான்? என் தங்கச்சி நல்லா இருக்காளா? பதில் 'வீ' என்றால் ஆமாம், 'நோ' என்றால் இல்லை. அவ்வளவுதான் என் பிரெஞ்சு. பஸ்ஸில்கூட முணுமுணுத்தேன். பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

வியாழன் மதியம் பாய் கடை பூத்தில் போன் போட்டேன். ஒரு பெண் குரல். திக்காமல் கேட்டுவிட்டேன்.

"வீ, வீ. சாவா, சாவா."

வீ என்றால் ஆமாம். ஆமாம், சாவு. இதைச் சொல்வதற்கென்றே அங்கே ஒரு தமிழ் வார்த்தையைக் கற்று வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ரிசீவர் கையை விட்டு நழுவித் தொங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாயின் வாய் அசைந்தது. சத்தமே வரவில்லை. கதவைத் திறந்த பிறகுதான் கேட்டது.

"இன்னாமா, இன்னா ஆச்சு?"

வீட்டுக்கு எப்படி நடந்தேன், மாடி எப்படி ஏறினேன், நினைவில்லை.

"அவங்க சொன்னத அப்டியே சொல்லுக்கா" என்றாள் மாடி வீட்டுப் பெண். சொன்னேன். சிரித்துவிட்டாள். அடிக்கக் கை ஓங்கினேன்.

"அக்கா, அக்கா, அது 'ஸா வா'. நல்லாக்கீறாங்கன்னு அர்த்தம். கேக்கறதும் அதான், பதிலும் அதான். குரல தூக்குனா கேள்வி, எறக்குனா பதில்."

"ஏன்டி இத முன்னாடியே சொல்லல?"

"அது தோஸ்துங்ககிட்ட கேக்கறது. நீ மருவாதியா கேக்கட்டும்னு வுட்டுட்டேன்."

நான் நம்பவில்லை. அவளையும் இழுத்துக்கொண்டு மறுபடி பூத்துக்கு ஓடினேன். இந்தத் தடவை தங்கச்சியே எடுத்தாள். பத்து நாள் படித்த கேள்வி எங்கே போனதோ.

"நல்லாக்கீறியாடி?"

"சாவாக்கா" என்றாள். பின்னால் குழந்தை அழுதது.

"இன்னொரு தபா அந்த வார்த்தைய சொன்ன, அங்க வந்து வாயிலயே போடுவேன்" என்றேன்.