மூக்கு மாற்றிய வண்டி

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு காராம். அந்தக் காருக்குத் தன் மூக்கே பிடிக்கவில்லையாம். எங்கள் தொழிலில் எல்லாக் கதையும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில், பெங்களூர் ரோட்டோர மெக்கானிக் ஷெட் ஒன்றில் கார்புரேட்டர் வேலை எனக்கு. காருக்கு மூக்கு என்றால் ஏர் ஃபில்டர். பானெட்டைத் திறந்தால் இன்ஜின் மேல் கறுப்பாக ஒரு சட்டி உட்கார்ந்திருக்குமே, அதுதான். உள்ளே கொஞ்சம் ஆயில் இருக்கும். காற்றோடு வரும் தூசி அதில் ஒட்டிக்கொள்ளும்.

போன வருஷம் எங்கள் முதலாளி மெட்ராஸிலிருந்து ஒரு பெட்டி நிறையச் சிவப்புக் கூம்புகளை வாங்கி வந்தார். கம்பி வலை, பளபளக்கும் வளையம், ‘ரேஸ் ஃபில்டர்’ என்று பெயர். சட்டியைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் வண்டி பறக்குமாம், சத்தமும் ஜோராக இருக்குமாம். கார் வைத்து அவதிப்படும் அன்பர்களே, அன்று பிடித்த அதிர்ச்சி எனக்கு இன்னும் விடவில்லை.

டிரையல்

முதல் கிராக்கி ஒரு ரைஸ்மில்காரர் மகன். ஃபியட் வண்டி. “மாட்டி வை, டீ குடிச்சிட்டு வரேன்” என்று போனார். நான் பானெட்டைத் திறந்து பார்த்து மூடிவிட்டு, ஸ்பேனர் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் வண்டியைக் காணோம்! எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான் என்று ரோட்டுக்கு ஓடி இரண்டு பக்கமும் தேடினேன்.

கொஞ்ச நேரத்தில் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் அவரேதான், முகமெல்லாம் பல். “வேலை முடிஞ்சிதுன்னு நானே டிரையல் பாத்துட்டேன்ப்பா! இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் ஒரே மிதி. இன்னா பிக்கப்பு! சத்தம் சிங்கமாட்டம் கீது!” என்றார். ஃபில்டர் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் என் கையில் இருந்தது. அதை அப்படியே அவர் முன்னால் நீட்டினேன். ஒரு கணம் பார்த்தார்.

“ஓ, ஸ்பேர் ஒண்ணு குடுக்கறியா? நல்லதாப் போச்சு, டிக்கியில போடு.”

பஸ்ஸுக்கு முன்னால்

அடுத்து வந்தவர் தேசிங்கு அண்ணன். சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரகடம், வடக்குப்பட்டுப் பக்கமெல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு இங்கே வரும் டாக்சிக்காரர். பழைய அம்பாசடர். அந்த வண்டி ஓடினால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும். அந்த ரோட்டில் புதிதாக ஒரு பஸ் விட்டிருந்தார்கள். அது முன்னால் போய் ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விட்டது. “பஸ்ஸ முந்தணும் தம்பி. இல்லாட்டி நான் சூளையில செங்கல் சொமக்கத்தான் போவணும்” என்றார்.

மாட்டிக் கொடுத்துவிட்டு நானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். அம்மாடி, அது என்ன சத்தம்! ஏரி மதகைத் திறந்துவிட்டாற்போல் ‘ஹோ’வென்று இரைந்தது. ஆனால் வேகம்? ஒரகடம் தாண்டுமுன் அதே பஸ் எங்களை முந்திக்கொண்டு போயிற்று. கண்டக்டர் கைவேறு ஆட்டினார். தேசிங்கு அண்ணன் வந்து சட்டையைப் பிடிக்கப்போகிறார் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். சில நாள் கழித்து அவர் வந்ததோ பக்கோடாப் பொட்டலத்தோடு. தினமும் வண்டி நிறைய ஆளாம்! ரெண்டு ஊர் தள்ளி வரும்போதே சத்தம் கேட்கிறதாம். கேட்டதும் ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வருகிறார்களாம். “அப்போ பஸ்ஸு?” என்றேன்.

“அது முன்னாலதான் போவுது தம்பி. காலியாப் போவுது.”

நீலப் புகை

வெயில் காலம் வந்தது. கிராவல் லாரிகள் ஓடி ஓடி ரோடெல்லாம் செம்மண் புழுதி. ஒரு நாள் தேசிங்கு அண்ணன் வண்டி, பின்னால் நீலப் புகை கக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தது. ஆயிலை ஊற்ற ஊற்றக் குடிக்கிறதாம். சிவப்புக் கூம்பைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் விரலை விட்டேன். விரல் குங்குமச் சிமிழுக்குள் விட்டது மாதிரி வெளியே வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலை பெரிய கல்லைத்தான் தடுக்கும்போல. அத்தனை செம்மண்ணும் உள்ளே போய், பிஸ்டனைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரிங்கைத் தின்றுவிட்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இன்ஜினே போயிருக்கும்.

ரிங் மாற்றிப் பழைய சட்டியையே மாட்டினோம். “ஆள் கூப்பிட ஹாரன் அடிங்கண்ணே” என்று யோசனை சொன்னேன். “ஹாரன் எல்லாப் பயலும்தான் அடிக்கிறான். லாரின்னு நெனச்சிக்கினு உள்ளயே குந்திக்கினு இருப்பாங்க” என்றார். வண்டியைக் கிளப்பினேன். சாதுவாக ஓடியது. அவர் பானெட் மேல் காதை வைத்துக் கேட்டார், முகம் வெளுத்துவிட்டது.

“இன்னா தம்பி, செத்துப்போன மாதிரி கீது?”

ஊமை வண்டி

கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். ஒரு ஆள் விறுவிறுவென்று ஷெட்டுக்குள் நுழைந்தார். பின்னாலேயே தேசிங்கு அண்ணன், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. வந்தவர் வடக்குப்பட்டு ஏழுமலை. முந்தின நாள் அவர் பெண்சாதிக்கு வலி எடுத்திருக்கிறது. துணிமூட்டை கட்டி வைத்துக்கொண்டு, வண்டிச் சத்தம் வரட்டும் என்று வீட்டுக்குள் காத்திருந்திருக்கிறார்கள். தேசிங்கு அண்ணன் வண்டி அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. போனதே யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மாட்டுவண்டி கட்டி, நடுவழியில் புளியமரத்தடியில் பிரசவம்.

“தாயும் புள்ளையும்?” என்று கேட்டேன். “நல்லாக்கீறாங்க. அது சாமி புண்ணியம், உங்க புண்ணியம் இல்ல” என்றார். அப்புறம் ஷெட்டே அதிரும்படி ஒரு கத்தல்.

“யோவ், நல்லாக் கத்திக்கினு இருந்த வண்டிய எவன்யா ஊமையாக்கினது?”

பின்வழி

முதலாளி பெட்டியிலிருந்து ஒரு சிவப்புக் கூம்பை எடுத்தார். “வேணாம் முதலாளி! இன்ஜின் போயிடும்!” என்று நான் கத்தினேன். நான் கத்தி அந்த ஷெட்டில் யாரும் கேட்டதில்லை. தேசிங்கு அண்ணன் மெதுவாக நிமிர்ந்தார். “தம்பி, மண்ணு எந்த வழியா உள்ள பூந்துச்சு?” “மூக்கு வழியாண்ணே.” “பின்னால சைலன்சர் வழியா பூருமா?” “அது வெளிய தள்ற வழி. பூராது.” “அப்போ அத அறுத்து வுடு.”

சைலன்சர் பெட்டிக்கு முன்னாலேயே பைப்பை அறுத்தோம். வண்டியைக் கிளப்பியதும் எதிர் டீக்கடையில் கிளாஸெல்லாம் ஆடின. முதலாளி காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். ஏழுமலை மட்டும் கண்ணை மூடி, அசையாமல் நின்று முழுசாகக் கேட்டார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“பழைய சத்தம் இல்ல இது. பரவால்ல, இனிமே இதான் நம்ம வண்டின்னு ஊர்ல சொல்லிடறேன்.”

சொல்லிவிட்டு வடக்குப்பட்டுப் பக்கமாக விடுவிடுவென்று நடந்து போய்விட்டார்.

ஃபில்டர் மாற்றினால் வேகம் கூடுமா என்று இப்போது யாராவது கேட்டால், வண்டிக்குக் கூடாது, வண்டிக்காகக் காத்திருக்கிற ஜனங்களுக்குத்தான் கூடும் என்று சொல்லிவிடுகிறேன்.