பின் பம்பருக்கு மூன்று விலை

பின் பம்பரில் விரல் முட்டியால் ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்கிறார் அக்கா. நான்கு விரற்கடை தள்ளி இன்னொரு தட்டு. இப்படி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டி முடித்த பிறகுதான் வண்டிக்காரரின் முகத்தையே பார்ப்பார். அதுவரை நாம் என்ன சொன்னாலும் சுவரோடு பேசியதாகவே கணக்கு. பிறகு காதில் செருகியிருக்கும் மஞ்சள் சாக்பீஸை எடுத்து, அடிபட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மூன்று தொகைகளை எழுதுவார். முதலாவது, ஒட்டிச் சரிசெய்ய. இரண்டாவது, புது பம்பர் வாங்கி வண்ணம் அடித்து மாட்ட. மூன்றாவது, ஒன்றும் செய்யாமல் அப்படியே விட்டால். அநேகமாக மூன்றாவது இடத்தில் ஒரு பெரிய பூஜ்யம்தான் இருக்கும்.

"கீறல்தானே? இதனால வண்டி ஓடாதா, பெட்ரோல் அதிகமாக் குடிக்குமா? மனசு கேக்கலைன்னா ஒரு வாரம் பின்னாடி போய்ப் பாக்காதீங்க. பழகிடும். கிளம்புங்க, கிளம்புங்க."

வந்த வியாபாரத்தை இப்படி விரட்டிவிடுவதைப் பார்த்து, அதே கூரையின் கீழ் நாலடி தள்ளி வேலை செய்யும் அவர் கணவர் தலையில் அடித்துக்கொள்வார். பட்டறை இருவருக்கும் பொது. வண்டியின் முன்பக்கம் கணவருடையது, பின்பக்கம் அக்காவுடையது. ஏன் இந்தப் பாகப்பிரிவினை என்று கேட்டேன்.

"முன்னாடி உடைச்சுக்கிட்டு வர்றவங்க பொய் சொல்வாங்க தம்பி. பின்னாடி இடி வாங்கினவங்க அழுவாங்க. எனக்கு அழறவங்கதான் ஒத்துவரும்."

"ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் இடித்துக்கொண்டவன்?"

"அது நீங்க ஒருத்தர்தான்."

மூன்று முறை இடித்திருக்கிறேன், மூன்று முறையும் என் வீட்டு வாசலின் அதே தூண். ஒவ்வொரு முறையும், "தூணு நல்லா இருக்கா?" என்று விசாரித்த பிறகே வேலையை ஆரம்பித்தார். மானம் போகிறது. ஆனாலும் வேறு பட்டறைக்குப் போகத் தோன்றியதில்லை.

ஐம்பதை நெருங்கும் வயது. சேலைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட கண்ணாடி, இடது கட்டைவிரலில் சூடுபட்ட தழும்புகள். ஊருக்கெல்லாம் பம்பர் அக்கா. பழுக்கக் காய்ந்த சூட்டுக்கோலால் விரிசலின் இரு கரைகளையும் இளக்கி, அதே ரகப் பிளாஸ்டிக் துண்டை உருக்கி இடையில் ஊட்டுவார். துண்டும் பம்பரும் ஒரே ரகமாக இருந்தால்தான் ஒன்றோடொன்று கலக்கும். ரகம் மாறினால் மேலே பளபளவென்று உட்கார்ந்திருக்கும், உள்ளே ஒட்டாது. எந்த ரகம் என்று பம்பரின் உட்புறத்தில் சின்னதாக முத்திரை இருக்கும். மற்றவர்கள் சேற்றைத் துடைத்துவிட்டு அதைத் தேடிப் படிப்பார்கள். அக்கா படிக்கமாட்டார். ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான்.

"முத்திரை பாத்து வேலை செய்யறதுக்கு நான் எதுக்கு? மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரே போதுமே."

வேலை முடிந்ததும் யார் கண்ணிலும் படாத உட்புறத்தில் சூட்டுக்கோலால் மூன்று புள்ளிகள் வைப்பார், பக்கத்தில் மாதம், வருடம். அதுதான் அவர் கையெழுத்து. "நான் ஒட்டினது பிரிஞ்சா கடையை இழுத்து மூடிட்டுப் போயிடறேன்" என்ற வாக்குறுதியும் கூடவே இலவசம். அதை நானே நான்கைந்து முறை கேட்டிருக்கிறேன்.

போன வாரம், என் மூன்றாவது தூண் வைபவத்துக்காகப் பட்டறையில் காத்திருந்தபோது, ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் வந்தார். என்னைவிட மூத்தவர். காரின் பின் பம்பர் குறுக்கே ஒரு முழ நீளத்துக்குப் பிளந்திருந்தது.

"அக்கா, நெசமாச் சொல்றேன், ரொம்ப மெதுவாத்தான் பட்டுச்சு. பார்க்கிங்ல ஒரு தள்ளுவண்டி. நடக்கிற வேகம்கூட இல்ல. முதலாளி நம்ப மாட்டேங்கிறார். இவ்வளவு பிளந்திருக்குன்னா எங்கேயோ வேகமாப் போய் இடிச்சிருக்கே, குடிச்சியான்னு கேக்கிறார். சாயங்காலம் சாவியக் குடுத்துட்டுப் போயிடுன்னுட்டார்." தோளில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒரு வருஷம் வேலையில்லாம இருந்து, ரெண்டு மாசம்தான் ஆகுது சேர்ந்து. எப்படியாவது தெரியாம ஒட்டிக் குடுத்துடுங்க. என் கைக்காசைக் குடுத்துடறேன்."

அக்கா வழக்கம்போல ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தார். தட்டினார். பிளந்த இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு முறை தட்டினார். மூவாயிரம், பதினாறாயிரம் என்று எழுதினார். மூன்றாவது தொகையை எழுதாமல் சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு, "உள்ள பாக்கணும்" என்றார். நானும் ஓட்டுநரும் ஆளுக்கொரு முனையைத் தாங்கிக்கொள்ள, திருகுகளைக் கழற்றி பம்பரை இறக்கிக் கவிழ்த்தார்.

உட்புறத்தில் மூன்று புள்ளிகள். இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

பிளவு நெடுக ஒரு பழைய ஒட்டு இருந்தது. அக்கா அதன் நுனியில் நகத்தைக் கொடுத்தார். வாழைப்பழத் தோல்போல முழுசாகக் கையோடு வந்துவிட்டது. கீழே பம்பரில் சூடு பட்ட தடம் இருந்ததே தவிர, கலந்த அடையாளமே இல்லை. முந்தானையால் ஓரத்துச் சேற்றைத் துடைத்துவிட்டு, கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முத்திரையைப் படித்தார். எனக்குத் தெரிந்து அன்றுதான் முதல் முறை. படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். ஒட்டியிருந்தது வேறு ரகம்.

ஓட்டுநருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கணவருக்கு எனக்கு முன்பே புரிந்துவிட்டது. அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது, அந்த முதலாளியின் ஏழு வண்டிகளும் இந்தப் பட்டறைக்குத்தான் வருகின்றன. கையில் ஸ்பானரோடு அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, "பேசாம சரியா ஒட்டி அனுப்பிடு. முதலாளிக்குத்தான் எதுவும் தெரியாதே" என்றார். அவர் சொன்னதிலும் குடும்பஸ்தருடைய நியாயம் இருந்தது, பொய் சொல்வானேன். நானும் அந்த நிமிடம் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"ஒட்டி அனுப்பிடலாம்ங்க. வண்டி போயிடும். இவர் வேலை?"

அவ்வளவுதான் கேட்டார். கணவர் ஸ்பானரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா ஓட்டுநரின் போனையே வாங்கி முதலாளிக்குப் போட்டார். கை அழுக்கென்று ஸ்பீக்கரில் போட்டு, கவிழ்த்த பம்பர் மேலேயே வைத்தார். மன்னிப்புக் கேட்கும் குரல் அல்ல அது. வழக்கமாக விலை சொல்லும் அதே குரல்.

"சார், பம்பர் கடையிலேருந்து பேசறேன். உங்க டிரைவர் சொன்னது நூத்துக்கு நூறு நிஜம். மெதுவாத்தான் பட்டிருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே எடத்துல ஒட்டினது நான்தான், தப்பான ரகத்தைப் போட்டு ஒட்டியிருக்கேன். அது இத்தனை நாள் நின்னதே அதிகம். குழந்தை உதைச்சிருந்தாலும் பிளந்திருக்கும்."

மறுமுனையில் முதலாளியின் குரல் உயர்ந்தது. "என்னம்மா சொல்றீங்க? நீங்களே தப்புங்கிறீங்க? மத்த வண்டியிலயும் இப்படித்தான் ஒட்டியிருக்கீங்களா?"

"நல்ல கேள்வி சார். மிச்சம் ஆறு வண்டியையும் அனுப்புங்க, கழட்டிப் பாத்துடறேன். தப்பா இருந்தா என் செலவு. இதுக்குப் புதுசே மாட்டித் தர்றேன், அதுவும் என் செலவு. அதுக்கப்புறம் எங்கிட்ட வர்றதும் வராததும் உங்க இஷ்டம். ஆனா இந்த அண்ணன்கிட்ட சாவியை வாங்கிடாதீங்க. அவர் பொய் சொல்லல."

ஓட்டுநர் போனுக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டார்.

"போனை அவர்கிட்ட குடுங்க."

"ஸ்பீக்கர்லதான் இருக்கு, கேட்டுக்கிட்டுதான் இருக்கார்."

"ம்..." முதலாளி செருமினார். "காலைல ஏர்போர்ட் சவாரி இருக்கு. அஞ்சு மணிக்கு. வேற வண்டி எடுத்துக்கச் சொல்லுங்க."

ஓட்டுநர் பக்கத்திலிருந்த காலி பெயின்ட் டப்பாவின் மேல் பொத்தென்று உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா சொன்னது சரிதான், பின்னால் இடி வாங்கினவர்கள் அழுகிறார்கள். அக்கா பம்பரைத் திருப்பி, மூவாயிரத்தையும் பதினாறாயிரத்தையும் உள்ளங்கையால் அழித்தார். காலியாக இருந்த மூன்றாவது இடத்தில் பூஜ்யத்தைப் போட்டார்.

கணவருக்கு ஆற்றாமை. "பிரிஞ்சா கடையை மூடிடறேன்னு ஊர் பூராச் சொன்னியே, இப்ப மூடிடலாமா?"

"மூடினா, அந்த ஏழு வண்டிய யாரு பாப்பாங்க? நீங்களா?"

அவர் சிரிக்கக் கூடாது என்றுதான் முயன்றார். முடியவில்லை.

ஓட்டுநர் போன பிறகு அக்கா அந்தப் பழைய பம்பரை அறுத்தார். மூன்று புள்ளிகளும் தேதியும் உள்ள துண்டை மட்டும் கையகலத்துக்கு வெட்டி எடுத்தார். பழைய சாமான் போடும் மூலைக்குப் போகிறது என்று நினைத்தேன். நேராக வாசலுக்குப் போனார். கணவரின் பக்கம், வருகிறவர்கள் முதலில் பார்க்கும் இடம், அங்கே தூணில் புள்ளிகள் வெளியே தெரியும்படி அதை ஆணியால் அறைந்தார். "அது எதுக்கு இங்க?" என்று கணவர் கேட்டது காதில் விழாதவர்போல ஒரு எட்டு பின்னால் வந்து பார்த்தார். பிறகு மறுபடி அருகில் போய், விரல் முட்டியால் அதை ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார்.